மலை வளைவில் ஹாரன்

கோயமுத்தூரில் எங்கள் பட்டறையின் ரேலிப் பந்தயக் காரை ஓட்டுகிறவர் அவர். கட்டையான ஆள், வெயிலில் கறுத்த பிடரி. ஐரோப்பாவில் நடந்த ஒரு மலை ரேலிக்கு மெக்கானிக்காக என்னையும் கூட்டிப் போனார். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அங்கே ஒரு போர்டும் புரியவில்லை. சக்கரத்து நட்டை முறுக்கினேனா இல்லையா என்ற ஒரே நினைப்புத்தான்.

ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிப்பார். வால்பாறை ரோட்டில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

“ஏனுங்ணா, பந்தயத்துக்குன்னு ரோட்டையே அடைச்சுப்போட்டாங்க. அப்புறம் யாருக்கு ஹாரன்?” என்று கேட்டேன்.

“அடைச்சது மாட்டுக்குத் தெரியுமா கண்ணு?”

கடைசி ஓட்டத்தில் எங்கள் வண்டிதான் கடைசியாகக் கிளம்பியது. குறித்த நேரத்துக்குள் கீழே வராவிட்டால் போட்டியிலிருந்தே எடுத்துவிடுவார்கள். அடிவாரத்தில் நின்று ஹாரனுக்குக் காதைக் கொடுத்தேன். பாதி மலை வரைக்கும் கேட்டது, அப்புறம் நின்றுபோனது. பின்சக்கரம் கழன்று பள்ளத்தில் உருளுவதுபோலவே என் கண்ணுக்குத் தெரிந்தது.

வண்டி வந்தபோது நேரம் தாண்டிவிட்டது. நாலு சக்கரமும் இருந்தன. பக்கத்து சீட்டில் வழி சொல்கிறவர் தலையில் கை வைத்திருந்தார். இவர் சாவகாசமாக இறங்கினார்.

“நடுரோட்டுல படுத்திருந்துச்சு கண்ணு. ஹாரனுக்கு அசையவே இல்ல. எறங்கி ஓட்டிஉட்டுப்போட்டு வாரேன். நல்ல மாடுதான், ஆனா திமிலக் காணோம்.”

ஊர் திரும்பும்வரை தோற்றதைப் பற்றி அவர் பேசவில்லை, காங்கேயம் மாட்டுத் திமிலைப் பற்றியே பேசி வந்தார். உள்ளுக்குள் அழுதாரா, நிஜமாகவே மாட்டைத்தான் நினைத்தாரா? வளைவில் ஹாரன் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசுக்குள் அதுவே ஓடுகிறது.