அம்மா கேட்ட காலிச் சட்டி

கட்டட வேலைக்காகத் தமிழ்நாட்டு எல்லையோர ஹனூரிலிருந்து மைசூருக்கு வந்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது. சித்தாளாக அம்மா சுமந்த சாந்துச்சட்டிதான் என்னை எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி ஆக்கியது.

கொரோனா காய்ச்சல் விட்ட சில நாட்களில், செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் அம்மா நடந்து வந்தார். "காலு மரமரங்குது கண்ணு, அசதிதான்" என்றார். நானும் தைலம் தேய்த்துவிட்டேன். மறுநாள் அவரால் எழுந்து நிற்கவே முடியவில்லை. ஆட்டோவில் மருத்துவமனைக்கு ஓடினோம். "கொரோனாவுக்குப் பிறகு சிலருக்கு நரம்பு இப்படிப் பாதிக்கும். மூச்சுத் தசைக்கு ஏறும் முன் வந்துவிட்டீர்கள்" என்றார் டாக்டர்.

சிகிச்சை முடிந்து வீட்டில் நடை பழகியபோது, அம்மா காலையே பார்த்துத் தடுமாறினார். பயிற்சி தர வீட்டுக்கு வந்த பெண், "மேலே நோடி அம்மா" என்று கன்னடத்தில் நிமிர்ந்து பார்க்கச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

"அந்தச் சட்டியக் கொண்டா கண்ணு. தலையில சட்டி இருந்தா நான் எப்பக் கீழ பாத்திருக்கேன்?"

அந்தப் பெண் சிரித்தபடி இடுப்பைப் பிடித்துக்கொள்ள, அம்மா காலிச் சட்டியோடு அறையைக் கடந்தார். சட்டி அசையவே இல்லை.

இப்போது எங்கள் தெருவில் யாராவது காய்ச்சலுக்குப் பிறகு கால் மரத்துப்போகிறது என்றால், நான் தைலத்தைத் தேடுவதில்லை. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். "படிச்ச புள்ள சொல்லுதில்ல, கெளம்புங்க" என்று அம்மா முன்னால் நடக்கிறார்.