வேட்பாளரோடு பாலாறு பார்க்கப் போனேன்

செங்கல்பட்டில் ரயிலைவிட்டு இறங்கி, வாலாஜாபாத் வழியாகப் போகும் அரசுப் பேருந்தில் ஏறினேன். முப்பத்தேழு கிலோமீட்டர். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. அந்த ஜன்னல் மூடாது என்பது பேருந்து கிளம்பிய பிறகுதான் தெரிந்தது. காஞ்சிபுரத்தில் இறங்கியபோது தலையில் மிச்சமிருக்கும் முடியெல்லாம் செம்மண் நிறத்துக்கு மாறி, பத்து வயது குறைந்தவன்போல இருந்தேன். தேர்தல் நேரத்தில் விடுதிகளில் அறை கிடைக்காது என்று கும்பகோணத்தில் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. வேட்பாளரே என் கல்லூரி விடுதி அறைத்தோழன்.

பெயர் கோதண்டம். ஓரிக்கைக்கு அப்பால் நிலம், நகரத்தில் உரக்கடை. கோவில், குடும்பம், ஒழுக்கம் என்று மூன்று சொற்களில் கொள்கையை முடித்துக்கொள்ளும் கட்சி ஒன்று அவனைச் சட்டமன்றத்துக்கு நிறுத்தியிருந்தது. அவனுக்கு அந்த மூன்றிலும் உண்மையான நம்பிக்கை உண்டு. விடுதியிலேயே விடியற்காலையில் குளித்துவிட்டு, குளிக்காத என்னைப் பரிதாபமாகப் பார்ப்பான். இப்போதும் அப்படித்தான் பார்த்தான்.

முதல் நாள் காலை ஏழு மணி. சின்ன காஞ்சிபுரத்தில் பிரசாரம். திறந்த ஜீப்பில் அவன் கைகூப்பி நிற்க, நான் பின்னால் கட்சித் துண்டு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தேன். முன்னால் போன ஆட்டோவின் ஒலிபெருக்கி, "உங்கள் வீட்டுப் பிள்ளை வருகிறார்" என்று வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டே போனது. நெசவு வீடுகளில் தறிச் சத்தம் ஒரு நிமிஷம் நிற்கும். ஜீப் தாண்டியதும் தொடரும். அந்த இடைவெளிதான் எங்களுக்கான வரவேற்பு.

ஜீப்புக்கு ஒரு சட்டம் இருந்தது. ஆரத்தித் தட்டு காத்திருக்கும் வாசலில் நிற்கும். தட்டு இல்லாத வாசலில் நிற்காது. தட்டுகள் தாமாக வருவதில்லை. எந்தத் தெருவில் எத்தனை தட்டு என்று முந்தின நாளே ஆள் அனுப்பி ஏற்பாடு செய்பவர் சபாபதி, கோதண்டத்தின் மைத்துனர். தேர்தல் வேலை முழுக்க அவர் கையில்தான்.

மதியம் உரக்கடை மாடியில் சாம்பார் சாதம். சபாபதி கை கழுவப் போன சமயம் கோதண்டம் குரலைத் தாழ்த்தி, "நீ பயணக் கட்டுரைதானே எழுதுற? பாலாறு பாக்கணும்னு சொல்லேன்டா" என்றான்.

"எதுக்கு?"

"ஓரிக்கைல ஆத்துப் பக்கம் ஒரு தெரு இருக்குது. அங்கதான் வசந்தி இருக்குறா."

வசந்தி அவனுடைய ஒரே மகள். ஆறு வருஷத்துக்கு முன் சாமுவேல் என்ற எக்ஸ்ரே டெக்னீஷியனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அன்றைக்கு இவன் அவளோடு பேச்சை நிறுத்தினான். தெருவில் நாலு பேர் பாராட்டினார்கள். கட்சியில் அவன் பெயர் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். மேடையில் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது அவன் குரல் தழுதழுக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். ஏன் என்று இப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"நீயே சொல்லக்கூடாதா? ஜீப் உன்னுதுதானே?"

"நான் சொன்னா எதுக்குன்னு கேப்பாங்க. நீ ஊர் சுத்த வந்தவன். உன்ன யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க."

நூறு பேரைக் கூப்பிட்ட குரலுக்கு வரவைக்கிற மனிதனுக்கு, நாலு கிலோமீட்டர் போக ஒரு சுற்றுலாப் பயணி தேவைப்பட்டான். இத்தனை வருஷம் எழுதியதில் என் கட்டுரையால் யாருக்காவது ஏதாவது பயன் உண்டென்றால் அது இதுதான்.

சபாபதியிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆத்துல தண்ணி எங்க சார் இருக்குது? மணல்தான். மணல் பாக்கவா கும்பகோணத்துலேர்ந்து வந்தீங்க?"

எங்கள் காவிரியிலும் பாதி வருஷம் மணல்தான், இரண்டையும் ஒப்பிட்டு எழுதவேண்டும் என்றேன். வயசான வேட்பாளருக்கு வாய்த்த சிநேகிதன் இப்படி என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. மறுநாள் பத்து மணிக்கு என்று சம்மதித்தார். கூட வருவதாகவும் சொன்னார்.

மறுநாள் கோதண்டம் இரண்டு முறை சட்டை மாற்றினான். தினமும் ஊருக்கு முன்னால் கைகூப்பி நிற்பவன், ஜீப்பின் பக்கக் கண்ணாடியில் மூன்று தடவை முகம் பார்த்தான். ஓரிக்கை தாண்டி ஆற்றுப் பக்கத் தெருவுக்குள் திரும்பினோம். ஆட்டோக்காரர் வழக்கம்போல, "உங்கள் வீட்டுப் பிள்ளை வருகிறார்" என்று ஆரம்பித்தார். சபாபதி கையை ஆட்டி ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னார். அது ஆட்டோக்காரரின் கண்ணில் படவில்லை.

பச்சைக் கம்பிக் கதவு போட்ட வீடு. கொடியில் சின்னதாக ஒரு பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. கோதண்டம் அதைப் பார்த்தான். உடனே நேரே பார்த்துக் கைகூப்பிக்கொண்டான். வாசலில் தட்டு இல்லை. ஓட்டுநர் சட்டப்படி வண்டியை நிறுத்தாமல் விட்டார்.

"நிறுத்துங்க, படம் எடுக்கணும்" என்றேன்.

"இங்க என்ன சார் படம், தட்டே இல்லியே?"

அதற்குள் கதவு திறந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வசந்தி வெளியே வந்தாள்.

"தட்டு இருந்தாதான் நிப்பீங்களாப்பா?"

வண்டி நின்றது. யார் நிறுத்தச் சொன்னது என்று ஓட்டுநருக்கே தெரியாது. அவள் உள்ளே போய், சோறு சாப்பிடும் எவர்சில்வர் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து எடுத்துவந்தாள். கோதண்டம் இறங்கினான். அவள் சுற்றினாள், கட்டைவிரலால் நெற்றியில் இட்டாள். சாமுவேல் பின்னாலிருந்து, "வெயில்ல நிக்காதீங்க மாமா, இப்டி நிழலுக்கு வாங்க" என்று நாற்காலியைத் தூக்கிவந்தான். மாமா என்ற அந்தச் சொல்லை இந்தத் தெருவில் யாரையும் நோக்கி இதற்குமுன் அவன் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

கோதண்டம் வாயைத் திறந்தான். பல நாள் பழக்கம். "அம்மா, உங்க பொன்னான வாக்க..." என்றவன் அத்தோடு நின்றுவிட்டான்.

"ஓட்டு போடமாட்டேன்பா" என்றாள் வசந்தி. குரலில் கோபமில்லை. "என் கல்யாணத்தத் தப்புன்னு மேடைல பேசிக்கினு இருக்குற கட்சி. அதுக்கு எப்படிப் போடுவேன்? ஞாயித்துக்கெழம சாப்புட வாங்க. பையன் வீட்ல இருப்பான்."

கோதண்டம் தலையாட்டினானா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினானா, எனக்குத் தெரியவில்லை. ஜீப்பில் ஏறினான். எதிர் வீட்டில் யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

"இது வீடியோவா சுத்துச்சுனா மேல்தெருவுல நம்ம ஆளுங்க ஓட்டு ஒண்ணுகூட விழாது" என்று சபாபதி முணுமுணுத்தார். கோதண்டம் நெற்றியைத் துடைக்கவில்லை. பிறகு நாங்கள் பாலாற்றையும் பார்த்தோம். சபாபதி சொன்னது சரி. மணல்தான்.

சனிக்கிழமை காலை கிளம்பினேன். அதுவரை ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவன் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஞாயிறு மதியம் ஊர்வலம் இருப்பதாக மட்டும் சுவரொட்டிகள் சொல்லின. செங்கல்பட்டு போகும் பேருந்தில் மறுபடி அதே ஜன்னல், அல்லது அதன் தம்பி. என் மகன் டொராண்டோவில் இருக்கிறான். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை; அதனால் சமாதானமாகப் போவதற்கும் வழியில்லை. அவன் வாசலைத் தற்செயலாகக் கடந்துபோக எந்த ஜீப்பும் போதாது. கோதண்டத்துக்கு நாலு கிலோமீட்டர். அவன்மேல் பொறாமைப்படுவேன் என்று விடுதி நாட்களில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

வாலாஜாபாத் தாண்டும்போது செல்போன் அடித்தது. சபாபதி.

"சார், நாளைக்கு ஊர்வலத்த சாயங்காலத்துக்கு மாத்தச் சொல்லிட்டாரு. மதியம் பாலாறு பாக்கணுமாம்." பக்கத்தில் யாரிடமோ துண்டு மூட்டையை இறக்கச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். "நீங்கதான் ஊருக்குப் போய்ட்டீங்களேன்னு சொன்னேன். பரவால்ல, நானே பாத்துக்கறேன்னுட்டாரு."