ஆட்டுக்குட்டி மேல வெச்ச கை

ஜன்னலுக்கெல்லாம் கருப்புத் துணி கட்டுனாங்க பாரு, அப்பவே எனக்கு மனசு ஒப்பல. நல்ல சித்திர மாச வெயிலு. கதவ வேற சாத்திக்கினாங்க. அதோட வுட்டாங்களா, சும்மா ஓடிக்கினு இருந்த ஃபேனயும் நிறுத்திட்டாங்க. படம் வரையறதுக்கு இன்னாத்துக்கு இருட்டு, நீயே சொல்லு. நான் கதவாண்ட ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துட்டேன். யாராவது என் பொண்ணாண்ட போவணும்னா என்ன தாண்டித்தான் போவணும்.

உத்திரமேரூர்ல ஒரு கல்யாண மண்டபம், அதுல சாப்பாடு போடற கூடம். அங்கதான் அந்த கிளாஸு. எனக்கு இல்ல, என் சின்னவளுக்கு. மூணு புள்ள பெத்து, இனிமே இல்லன்னு நான் நெனச்சிக்கினு இருந்தப்ப வந்தவ அவ. பொறந்த ஒடனே ஆஸ்பத்திரில டாக்டரம்மா சொல்லிட்டாங்க, டவுன் சிண்ட்ரோம்னு. மெதுவா நடப்பா, மெதுவா பேசுவா, ஆனா எல்லாம் செய்வான்னாங்க. அந்தம்மா சொன்னது அப்பிடியே நடந்துச்சி. பேச்சு மட்டும் கொஞ்சம் கொழகொழன்னு வரும், பழகாதவங்களுக்குப் புரியாது. இப்ப அவளுக்கு முப்பது வயசு ஆவப்போவுது. இத்த நான் சொல்லச் சொல்ல எழுதிக்கினு கீறாளே என் பேத்தி, இவளுக்கு சின்ன வயசுல சட பின்னி வுட்டதெல்லாம் அந்த சித்திதான். கோணலாதான் பின்னுவா. ஆனா இறுக்கமா இருக்கும், சாயங்காலம் வரிக்கும் அவுறாது.

அவளுக்கு கை சும்மா இருக்காது. கேலண்டர் தாளு கிழிச்சா பின்னாடி வரைவா. கல்யாணப் பத்திரிக வந்தா, நாங்க யாரு எவருன்னு கேக்கறதுக்குள்ள அதுல ஒரு லாரி ஓடிக்கினு இருக்கும். ஆடு, கோழி, லாரி, டவுன் பஸ்ஸு. மனுசங்கள வரைய மாட்டா. ஏன்டின்னா, பேசறாங்கம்பா. அது இன்னா கணக்கோ.

அவ வரைஞ்சத எங்கியோ பாத்துட்டு மெட்ராஸ்லர்ந்து ஒரு பொண்ணு எங்க வூட்டத் தேடிக்கினு வந்துச்சி. முடிய ஒட்ட வெட்டிக்கினு, தோள்ல பெரிய பை. இவள மாதிரி பசங்களையும் பொண்ணுங்களையும் ஒண்ணா உக்கார வெச்சி, அவங்க வரையற படத்த நடக்க வெக்கப்போறேன், ஓட வெக்கப்போறேன், டீவில வர கார்ட்டூன் மாதிரின்னுச்சி. என் பொண்ணு அந்தப் பொண்ணு வாயையே பாத்துக்கினு நின்னா. எனக்கு பகீர்னுச்சி.

ஏன்னா கேளு. ரெண்டு மூணு வருசம் முன்னால இப்பிடித்தான் கார்ல யாரோ வந்தாங்க. பிஸ்கட்டு பொட்டலத்த இவ கையில குடுத்து வீடியோ எடுத்தாங்க. நல்லவங்கன்னு நெனச்சி நான் மோர் கலக்கிக் குடுத்தேன். அப்பால ஒரு நாளு என் நாத்தனா மவன் செல்லுல காட்றான், என் பொண்ணு மூஞ்சி, பின்னாடி ஒரே அழுவாச்சி மியூசிக்கு. சளி புடிச்சிருந்துச்சி அன்னிக்கி, மூக்கக்கூட தொடைக்க வுடல. ஊர்ல பாத்தவங்கல்லாம் வந்து எங்கிட்ட துக்கம் விசாரிச்சிட்டுப் போனாங்க. உயிரோட கீற புள்ளைக்கு. அந்த வீடியோவ அவளும் பாத்தா. அதுலர்ந்து யாராவது செல்ல தூக்குனா துண்ட எடுத்து மூஞ்சில போட்டுக்குவா. வயலுக்குப் போற வழில யாரோ டைம் பாக்க செல்ல எடுத்தாக்கூட துண்டுதான்.

அதனால நான் அந்த மெட்ராஸ் பொண்ணு கிட்ட, டீச்சரம்மான்னுதான் எல்லாரும் கூப்புடறாங்க, கண்டிசனா சொல்லிட்டேன். என் பொண்ணு வரைஞ்சத எடுத்துக்கோ. அவ மூஞ்சி, கையி, காலு, நெழலுகூட படத்துல வரக்கூடாது. எடுத்தத மொதல்ல எங்க தெருவுல காட்டணும். நானும் தெனம் கூடவே வருவேன். எல்லாத்துக்கும் அந்தப் பொண்ணு சரிம்மா சரிம்மான்னு தலையாட்டுச்சி. ஒரு வார்த்த எதுத்துப் பேசியிருந்தாக்கூட நம்பியிருப்பேன். இவ்ளோ சீக்கிரம் ஒத்துக்கினா எப்பிடி நம்பறது?

என் நாத்தனா வேற, பக்கத்து வூட்லதான் கீறா, வாய் சும்மா இருக்காது அவளுக்கு.

"ஏன் அண்ணி, படம் புடிச்சி ஃபாரின்ல வித்துட்டா நீ இன்னா பண்ணுவ?"

"உன் மூஞ்சியா விக்கறாங்க? ஆட்டு மூஞ்சிதானே, வித்துட்டுப் போட்டும்" ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். சொல்லிட்டேனே ஒழிய வழியெல்லாம் அதே ரோசனதான். எங்க ஊரு சாலவாக்கத்துலர்ந்து உத்திரமேரூர் வரிக்கும் இவ ஜன்னலோரம் உக்காந்து ஜல்லி லாரிய எண்ணிக்கினு வரா, நான் போட்ட கண்டிசன எண்ணிக்கினு வரேன்.

அங்க போனா ஒரு மேச. மேச மேல கம்பி நட்டு அதுல காமிராவ தலகீழா தொங்க வுட்டிருந்தாங்க, கீழ பாக்கற மாதிரி. ரெண்டு பக்கம் லைட்டு. இவங்க பேப்பர்ல வரைஞ்சி, கத்திரிக்கோல்ல வெட்டி, கால தனியா தலைய தனியா ஒட்டி, அந்த மேசல வெக்கணும். ஒரு போட்டோ. அப்பால அத்த ஒரு நெல்லு அளவு நவுத்தணும். இன்னொரு போட்டோ. மறுபடி ஒரு நெல்லு. காலைல ஆரம்பிச்சி சாப்பாட்டு நேரம் வரிக்கும் என் பொண்ணு லாரி ஒரு சாண் தூரம்கூட போவல. இது ஏதோ ஏமாத்து வேலன்னு முடிவே பண்ணிட்டேன். ஃபேன் போட்டா பேப்பர் பறக்குமாம், ஜன்னல் தொறந்தா வெளிச்சம் மாறி மாறி வருமாம். கேட்டா எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருந்துச்சி அந்தப் பொண்ணு. சாம்பார் சாதம் மட்டும் நல்லா போட்டாங்க, அதுல கொற சொல்ல மாட்டேன். அப்பளம்தான் நமுத்துப் போச்சி.

சாயங்காலம் கெளம்பறதுக்கு முன்னால, இன்னிக்கி எடுத்ததெல்லாம் காட்டுன்னு நின்னேன். ஒவ்வொண்ணா காட்டு, என் பொண்ணு வெரல் எதுலயாவது கீதான்னு பாக்கணும்னேன். அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டுச்சி. ஒவ்வொண்ணா வரல. சர்ருன்னு அந்த லாரி ஓடுச்சி. பேப்பர் லாரி, எங்க வூட்டு கேலண்டர் தாள்ல கெடந்த அதே லாரி, டயர் ஆடிக்கினு, ஜல்லி சிந்திக்கினு ஓடுச்சி. எனக்கு சிரிப்பு வந்துடுச்சி. முந்தானைய வாயில வெச்சி அடக்கிக்கினேன். சிரிச்சது தெரிஞ்சா அவங்களுக்கு எளக்காரமாப் பூடும். இன்னொரு வாட்டி காட்டு, சரியா பாக்கலன்னு மொறப்பா சொன்னேன். மூணு வாட்டி பாத்தேன்.

இப்பிடி நாளு போய்க்கினே இருந்துச்சி. அப்பால வந்துச்சி வம்பு.

எங்க வூட்டுக்கு எதுக்க மெயின் ரோடு. ரோட்டத் தாண்டுனா ஏரிக்கர. ஆட்ட ஓட்டிக்கினு போறது இவ வேல. பெரிய ஆடுங்க தானா நிக்கும், குட்டிதான் துள்ளும். அதனால நான் சின்ன வயசுலர்ந்து அடிச்சி சொல்லி வெச்சது ஒண்ணுதான்: குட்டி கழுத்துல கைய வெச்சிக்கோ, ரோட்டத் தாண்டற வரிக்கும் எடுக்காத. இவ படமும் அதே கததான். ஆட்டுக்குட்டி ரோட்டத் தாண்டி ஏரிக்கரைக்குப் போவுது. அவ்ளோதான் கத.

ரோட்டு ஓரம் வரிக்கும் ஒழுங்கா நவுத்திக்கினு வந்தா. ரோட்டுல கால் வெச்சதும் பேப்பர் குட்டி கழுத்துல கைய வெச்சா, வெச்சது வெச்சதுதான். கைய எடும்மா, போட்டோ எடுக்கணும்னு டீச்சரம்மா சொல்றாங்க. இவ எடுக்கல. ஒரு கையால குட்டிய புடிச்சிக்கினு இன்னொரு கையால அந்த போட்டோ பட்டன அமுக்கறா. குட்டிய நவுத்தறா, அமுக்கறா. எல்லா போட்டோலயும் கை.

டீச்சரம்மா நிறுத்திட்டாங்க. பக்கத்துல குனிஞ்சி மெதுவா சொல்லிப் பாத்தாங்க, எடுத்தாத்தான் குட்டி தானா நடக்கற மாதிரி வரும்னு. இவ மாட்டேன்னு தலைய ஆட்டிட்டா. நான் எந்திரிச்சி கிட்டப் போனேன். எனக்கு இன்னா பயம்னா, அடம் புடிக்கிறான்னு இவள ஒதுக்கி உக்கார வெச்சிட்டு மத்தவங்களுக்கு வேல குடுத்துடுவாங்க. பள்ளிக்கூடத்துல அதான் பண்ணாங்க இவளுக்கு. கடைசி பெஞ்சி, அப்பால வராந்தா, அப்பால வூடு. கைய எடுடி கண்ணுன்னு காதோரம் சொன்னேன்.

அவ என்ன நிமிந்து பாத்தா. "லாரி வருதும்மா" ன்னா.

வந்துக்கினுதான் இருந்துச்சி. அவளே வெட்டி அவளே ஓட வுட்ட லாரி, குட்டிக்கு நாலு வெரக்கட தூரத்துல நின்னுக்கினு இருந்துச்சி.

டீச்சரம்மா என்ன தனியா கூப்புட்டுப் போனாங்க. ஒதுக்கப்போறாங்கன்னு நெனச்சிக்கினே போனேன். அந்தப் பொண்ணு சொல்லுது, அம்மா, அந்தக் கை எனக்குப் புடிச்சிருக்கு, அது இருந்தா படம் இன்னும் நல்லாருக்கும், ஆனா கையும் வரக்கூடாதுன்னு நீங்க சொல்லியிருக்கீங்க, அதான் நிறுத்துனேன், நீங்க சொல்றதுதான்னுச்சி. இது எப்பிடிப்பட்ட வேல பாரு. போட்ட கண்டிசன் என் கழுத்தையே புடிக்குது. அந்த நேரத்துலயும் எனக்கு சந்தேகம் போவல. இன்னிக்கி கை, நாளைக்கி மூஞ்சி, அதுக்கு அடுத்த நாளு அழுவாச்சி மியூசிக்கு, இப்பிடித்தான் ஒவ்வொரு நெல்லா நவுத்துவாங்களோன்னு தோணுச்சி. ஏன்னா அவங்க தொழிலே அதானே.

உள்ள எட்டிப் பாத்தேன். லைட்டு சூட்டுல வேர்வ கழுத்துல வழியுது. மத்தவங்கல்லாம் சாப்புடப் பூட்டாங்க. இவ மட்டும் பேப்பர் குட்டி மேல கைய வெச்சிக்கினு அப்பிடியே நிக்கறா. எடுத்தா அது ஓடிடும்னு.

"கை வரட்டும். மணிக்கட்டுக்கு மேல ஒரு நூலு வந்தாலும் நான் பாப்பேன்" னேன்.

அன்னிக்கி பாதி ரோடு தாண்டுனா. ராத்திரி எனக்கு ஒரு ரோசன வந்துச்சி. ஊரே பாக்கப்போற கை, மொட்டக் கையா இருக்கலாமா? பாக்கறவங்க அதுக்கும் ஏதாவது சொல்லுவாங்களே. காலைல பஸ் ஸ்டாண்டுல எறங்குனதும் செவப்புக் கண்ணாடி வளையலு வாங்கி ஒரு டஜன் போட்டு வுட்டேன். அவளுக்கு சந்தோசம்னா சந்தோசம், வழியெல்லாம் கைய குலுக்கிக்கினே வந்தா. உள்ள போனதும் டீச்சரம்மா அந்தக் கையப் பாத்துட்டு தலைல கைய வெச்சிக்கினு உக்காந்துட்டாங்க. நேத்து எடுத்ததுல வளையலு இல்லியாம். ரோட்டுக்கு நடுவுல திடீர்னு வளையலு மொளைக்குமாம். கழட்டிடலாமாம்மான்னு கேட்டாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள என் பொண்ணு குட்டிய எடுத்து மறுபடி ரோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டாந்து வெச்சிட்டா. லாரியையும் பின்னால தள்ளிட்டா. நேத்து பூரா பாத்த வேல போச்சி. அவளுக்கு ஒரு கவலயும் இல்ல. நான் மட்டும் அன்னிக்கி யாரையும் மொறைக்காம கதவாண்ட அடக்கமா உக்காந்திருந்தேன்.

பேசுனபடி எங்க தெருவுலதான் மொதல்ல காட்டுனாங்க. பொழுது சாஞ்சதும் மாரியம்மன் கோயில் பக்கம் வெள்ளத் துணி கட்டுனாங்க. நான் முன்னால உக்காரல. பின்னால நின்னேன், யாரு மூஞ்சி எப்பிடிப் போவுதுன்னு பாக்கணும் எனக்கு. என் நாத்தனா தண்ணி சொம்போட வந்து நடுவுல உக்காந்துட்டா. ஒப்பாரி வெக்கறதுக்கே வந்தவ மாதிரி முந்தானைய ரெடியா புடிச்சிக்கினா.

லாரி வந்துச்சி. குட்டி ஓரத்துல நின்னுச்சி. செவப்பு வளையலு போட்ட கை வந்து அது கழுத்த புடிச்சிச்சி. குட்டி கால் நடுங்குது, கை அழுத்திப் புடிக்குது, லாரி போவுது, ரெண்டும் சேந்து நடக்குது. ஏரிக்கர வந்ததும் கை மெதுவா எடுத்துக்குது. குட்டி ஒரு துள்ளு துள்ளிச்சி பாரு. அதுக்குள்ள என் நாத்தனா எந்திரிச்சி நின்னுக்கினு, "கைய எடுக்காதடி, பின்னால இன்னொரு லாரி வருது" ன்னு திரையப் பாத்து கத்தறா. அதான் தாண்டிடுச்சேன்னு ஒருத்தர் சொல்றாரு, தாண்டல, கர மேல ஏறலன்னு இன்னொருத்தி சண்ட. நாத்தனா முந்தானைய மறந்தே பூட்டா. மறுபடி போடு, மறுபடி போடுன்னு நாலு வாட்டி போட வெச்சாங்க. என் பொண்ணு ஒவ்வொரு வாட்டியும் லாரி வரும்போது எல்லாரையும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கினா, பயப்படறாங்களான்னு.

கலைஞ்சி போனப்புறம் டீச்சரம்மா எங்கிட்ட வந்து மெதுவா ஆரம்பிச்சாங்க. மெட்ராஸ்ல ஒரு எடத்துல இந்தப் படங்களக் காட்டறாங்களாம், படம் பண்ணவங்க போட்டோவும் பக்கத்துல வெப்பாங்களாம், நீங்க வேணான்னா வேணாம்னாங்க. நான் நெனச்சேனே, மூஞ்சிக்குத்தான் வந்து நிப்பாங்கன்னு. வேணான்னு சொல்ல வாயெடுத்தேன். என் பொண்ணு எங்க ரெண்டு பேரு நடுவுல வந்து நின்னா. மூஞ்சி கழுவிட்டு வந்திருந்தா. தோள்ல துண்டு இல்ல.

"எடு" ன்னா டீச்சரம்மாவ.

அந்தப் பொண்ணு செல்ல தூக்குச்சி. சிரிம்மான்னுச்சி, இவ சிரிக்கல. எடுத்ததும் செல்லக் குடுன்னு கைய நீட்டி வாங்கிப் பாத்தா. வேணான்னுட்டா. ரெண்டாவதும் வேணாம். மூணாவது எடுத்தத ரொம்ப நேரம் பாத்துட்டு, இதுன்னு சொல்லி எங்கிட்ட நீட்டுனா. அதுல அவ நேரா பாத்துக்கினு நிக்கறா, வண்டிய நிறுத்துடான்னு லாரிக்காரனுக்கு சொல்றவ மாதிரி.

"அம்மா, நீங்க இன்னா சொல்றீங்க?" ன்னு டீச்சரம்மா கேட்டாங்க.

"அவ மூஞ்சிய அவளே பாத்து குடுத்துட்டா, நான் இன்னா சொல்றது" ன்னேன்.

சொல்லிட்டனே ஒழிய சும்மா வுட்டுடல. மெட்ராஸ்ல எந்த எடம், யாரு வருவாங்க, எவ்ளோ உசரத்துல மாட்டுவீங்க, வெளிய எடுத்துக்கினு போனா யாரு கேப்பாங்கன்னு அவங்க வந்த வேன் வரிக்கும் கூடவே போய் கேட்டுக்கினே இருந்தேன். டிரைவரு வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டாரு, நான் ஜன்னல் கம்பிய வுடல. என் பொண்ணுதான் வந்து என் கைய புடிச்சி இழுத்தா. நேரமாச்சி, அவங்களுக்குப் பசிக்கும், வுடும்மான்னா.