பீரோ பூட்டில் வழி காட்டினாள் மாரியம்மன்

போன வருடம் விஜயதசமி காலை. முந்தின நாள் ஆயுத பூஜையில் வைத்திருந்த ஹார்ட் டிஸ்கை எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகினேன். அதன் சின்ன விளக்கு ஒரு தடவை மினுங்கி அணைந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. எடுத்து எடுத்துச் செருகியும் அப்படியேதான்.

நான் இளம்பிள்ளையில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவள். பதினோரு வருடமாகப் போட்ட பார்டர், முந்தி, புட்டா எல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள்தான் இருந்தன. முந்தின வாரம்தான் கம்ப்யூட்டரைச் சுத்தமாக அழித்துப் புது சாஃப்ட்வேர் போட்டிருந்தோம். வேறு நகல் கிடையாது. ஐப்பசி முகூர்த்தத்துக்கு ஒரு பெண்ணின் கல்யாணச் சேலை டிசைனும் அதிலேயே மாட்டிக்கொண்டது. அதை நெய்ய வேண்டிய சரசக்கா போனில் கேட்டார்: "ஏஞ்சாமி, தறியில பாவு நூல் ஏத்தியாச்சு. சும்மா நிக்குது. டிசைன் எப்பத் தருவே?"

கம்ப்யூட்டர் கடைக்காரர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இது செத்துப்போச்சுங்க. வேணும்னா பிரிச்சுப் பாக்கட்டுங்களா?" என்றார். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் என் கணவர், "உடு புள்ள, மறுக்காப் போட்டுக்கலாம்" என்றார்.

"பதினோரு வருசத்தை எப்படிங்க மறுக்காப் போடறது?" என்று கத்திவிட்டேன்.

அன்று மாரியம்மன் படத்துக்கு முன்னால் அழுதேன். அழுகை என்ன, சண்டைதான். "தாயே, உன் முன்னால வெச்சு எடுத்த பொருள்தானே? ஒரு வழி காட்டு. காட்டுற வரைக்கும் நான் இதை விடமாட்டேன்" என்றேன். மூன்று நாள் காலையும் மாலையும் இதே பேச்சு. எனக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போகப் பட்டுப்புடவை எடுக்கலாம் என்று பீரோவைத் திறக்கப் போனால் சாவி உள்ளே போகவில்லை. குனிந்து பார்த்தேன். பூட்டு ஓட்டை முழுக்கக் காய்ந்த சந்தனம். ஆயுத பூஜைக்கு நானே வைத்த பொட்டு. சந்தனம் வைப்பதில் என் கை கொஞ்சம் தாராளம் என்று வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள்.

உடம்பு சிலிர்த்துவிட்டது. ஹார்ட் டிஸ்குக்கும் அன்று பொட்டு வைத்தவள் நான்தானே! ஓடிப்போய் எடுத்துப் பார்த்தேன். மேலே வைத்த பொட்டு வழிந்து, வயர் செருகும் ஓட்டைக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது. வயரின் முனையிலும் மஞ்சளாக ஒட்டியிருந்தது.

தண்ணீர் படவிடவில்லை. பல் குத்தும் மரக்குச்சியால் மெல்லச் சுரண்டினேன். புது பிரஷ்ஷால் துடைத்தேன். வேறு வயர் வாங்கி வந்து செருகினேன். விளக்கு எரிந்தது, திரையில் வரவில்லை. விடுவேனா? மறுபடி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, மூலையில் ஒட்டியிருந்த துகளையும் எடுத்தேன். இந்தத் தடவை உள்ளே வட்டு சுழலும் சத்தம் கேட்டது. என் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன.

"வந்துருச்சுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். எல்லாவற்றையும் நகல் எடுத்து முடிக்கும்வரை நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே சரசக்காவின் தறி ஓட ஆரம்பித்தது. அந்தப் பெண் அந்தச் சேலையைக் கட்டித்தான் மணவறையில் உட்கார்ந்தாள்.

இப்போது என் டிசைன்களை மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். பொறுமையும் கொஞ்சம் வந்திருக்கிறது. அம்மனை நம்புகிற உங்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். கஷ்டம் வந்தால் அவளிடம் உரிமையோடு கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள். கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். பதில் பீரோ பூட்டில்கூட இருக்கும்.

இந்த வருடமும் ஹார்ட் டிஸ்கைப் பூஜையில் வைத்தேன். பொட்டும் வைத்தேன். ஓட்டைப் பக்கம் போகாமல் மேலே நடுவில், கடுகளவு.