கோட்டைக்கு வழி கேட்டால்

நேற்று மோர்னிங்சைட் வீட்டுக் குசினியில் உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். மேசையில் மகள் பழைய பிரிட்டிஷ் பேய்ப்படம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பா, உங்களிட்டை வாம்பயர் வராது, அவ்வளவு ஸ்மெல்” என்று சிரித்தாள். இந்தப் பகிடியை எனக்கு முதலில் சொன்னவர் சிவநேசண்ணை. அதற்குப் பிறகு எனக்கு உள்ளி உரிக்கக் கை ஓடவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம், கனடாவுக்கு வந்த புதிது. சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அபார்ட்மென்றில் நாங்கள் பெடியள் ஒரு கூட்டமாக இருந்தோம். எங்கள் மீன்குழம்பு வாசம் லிஃப்ற் வரை போகும். நானும் அண்ணையும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினோம். ஞாயிறு மத்தியானங்களில் அவர் மூலைக்கடையில் ஒருவரும் தொடாத பேய்ப்பட வீடியோ கசெற்றுகளை அள்ளிக்கொண்டு வருவார். பனிமூட்டம், மலைமேல் கோட்டை, பெயின்ற் மாதிரி ரத்தம். நானோ பயத்தை மறைக்க அடிக்கடி தேத்தண்ணி போட எழும்புகிற வீரன்.

அண்ணை பேயைப் பார்க்கவில்லை, இங்கிலீஷைப் பார்த்தார். கனடாக்காரர் கதைத்தால் எங்களுக்குப் பாதி விளங்காது. இந்தப் பேய்களோ எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் போல நிறுத்தி நிறுத்திக் கதைக்கும். அவருக்கு அகதி விசாரணை வரவிருந்தது. ஊரில் தன் தம்பியை வீடு புகுந்து பிடித்துப்போனது யாரென்று அங்கே சொல்லவேண்டும். சொன்னால்தான் இங்கே இருக்கலாம்.

“மொழிபெயர்க்க ஆள் தருவினம்தானே அண்ணை?”

“தருவினம். பிடிச்சவங்களைப் போல அவனும் தமிழன்தானே. நான் சொல்லுறது ஊருக்குப் போனா? அம்மா அப்பா அங்கைதான் இருக்கினம். நானே இங்கிலீசிலை சொல்லப்போறன்.”

ஒரு படத்தில் வெளியூர்க்காரன் ஒருவன் மதுக்கடைக்குள் வந்து கோட்டைக்கு வழி கேட்கிறான். கலகலவென்றிருந்த சனம் அடங்கிப்போகிறது. ஒருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இந்தக் காட்சி அனேகமாக எல்லாப் படத்திலும் வரும் என்று நான் சிரித்தேன். அண்ணை படத்தை நிறுத்தினார்.

“சிரிக்காதை. உது எங்கட ஊர்தான்.”

விசாரணை முடிந்து வந்தவர் குளிருக்குப் போட்ட கோட்டைக் கழற்றாமலே கட்டிலில் இருந்தார். இங்கிலீஷ் நன்றாகத்தான் வந்ததாம். ஆனாலும் ஒரு துணைக்கு மொழிபெயர்ப்பாளரையும் பக்கத்தில் இருத்தியிருக்கிறார்கள். பேச்சைக் கேட்டால் அவர் அண்ணைக்குப் பக்கத்து ஊர் ஆளாம்.

“ஆர் பிடிச்சதெண்டு கேட்டவை. நான் அந்தாளின்ரை முகத்தைப் பாத்தன். தெரியாது எண்டிட்டன்.”

வழக்குத் தள்ளுபடியானது. ஒருநாள் வேலை முடிந்து வந்தேன், அவருடைய பெட்டியும் இல்லை, அவரும் இல்லை. மொன்றியலில் என்றார்கள், திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். இன்றுவரை எனக்குத் தெரியாது.

“அப்பா, இந்த ஆக்கள் ஏன் ஒண்டும் சொல்லீனம் இல்லை? ஜஸ்ற் சொல்லலாம்தானே?” என்று மகள் கேட்டாள். நேற்று அவள் பார்த்த படத்திலும் அதே மதுக்கடைக் காட்சி.

மூலைக்கடை போய்விட்டது, கசெற்றும் போய்விட்டது. அண்ணையின் தாய் தகப்பன் இருவரும் செத்துப்போனதாக அறிந்தேன். தம்பியைப் பிடித்தவர்களின் காலமும் முடிந்துவிட்டது. இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. சொல்லத்தான் அண்ணை இல்லை.