ஏழு குஞ்சுகளுக்குக் காவல்

திருநகரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, மகள் பிரசவத்துக்காக வண்டியூருக்குக் கிளம்பியபோது தன் கோழியையும் ஏழு குஞ்சுகளையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். அதற்குமுன் இரண்டு முறை அடைவைத்து, எல்லாம் கூமுட்டையாகப் போயிருந்தது. மூன்றாம் முறை பொரித்தவை இவை.

“ஏழையும் பாத்துக்கிருங்க அக்கா. ஒங்கள நம்பித்தான் போறேன்.”

“ஒண்ணு கொறையாமத் தாரேன். நீ நிம்மதியா போயிட்டு வா” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

எங்கள் வேப்பமரத்தில் காக்கைகள் அதிகம். அவை குஞ்சைத் தூக்கிவிடும் என்று பயந்து, அன்றைக்கே கிழிந்த குடைத்துணியைச் செத்த காக்கை போலக் கட்டி மரத்தில் தொங்கவிட்டேன். எங்கள் பக்கம் எல்லோரும் செய்கிற வேலைதான். காக்கைகள் கூடிக் கத்தித் தீர்த்தன. மறுநாள் ஒன்றுகூட இல்லை. எனக்கு ஒரே பெருமை.

மூன்றாம் நாள் பருந்து வந்தது. சிறகை அசைக்காமல் வீட்டுக்கு மேலே வட்டம் போட்டது. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தார்.

“காக்காய எதுக்குக்கா வெரட்டுனீங்க? பிராந்து வந்தா அதுகதான கூடிக் கொத்தி வெரட்டும்.”

எனக்குச் சுருக்கென்றது. துணியை அவிழ்த்து எறிந்தேன். மதில்மேல் சோறு வைத்து, தொண்டை வறளக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு காக்கையும் எட்டிப் பார்க்கவில்லை.

குஞ்சுகளை நாள் முழுக்கப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கவும் முடியாது. அந்த வெயிலில் மூங்கில் கூடைக்குள் வெந்துபோகும், மேய்ந்தால்தான் தேறும். அதனால் பஞ்சாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கொல்லையிலேயே உட்கார்ந்தேன். சாப்பாடும் அங்கேயே. வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. தெருவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுந்தேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் தாய்க்கோழி அடித்தொண்டையில் ஒரு சத்தம் போட்டது. குஞ்சுகள் அதன் சிறகுக்கு ஓடின. சுவரில் நிழல் சரிந்து இறங்கியதைப் பார்த்தேன். எழுந்து ஓடினால் நேரமாகிவிடும் என்று தோன்றியது. பஞ்சாரத்தை அப்படியே வீசிக் கவிழ்த்தேன்.

பருந்து காலை நீட்டியபடி தலைக்கு மேல் வந்து, ஒன்றும் கிடைக்காமல் எழும்பிப் போய்விட்டது. ஜெயித்துவிட்டேன் என்று சிரித்தேன். பிறகு குனிந்து எண்ணினேன். உள்ளே ஆறுதான் இருந்தன. கடைசியாக ஓடிவந்தது பஞ்சாரத்தின் விளிம்புக்கு அடியில் கிடந்தது. தூக்கியபோது கழுத்து தொங்கியது.

அதை முருங்கை மரத்தடியில் புதைத்தேன். சாயங்காலம் அவளே போன் செய்தாள். பேத்தி பிறந்திருக்கிறாளாம். சொல்லிவிட்டு, “குஞ்சுக நல்லா இருக்காக்கா?” என்றாள்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“ஒண்ணப் பிராந்து தூக்கிருச்சும்மா.”

“போனாப் போகுது, அல்லா நாடுனது அம்புட்டுத்தான். வெரட்டப் போயி ஒங்களுக்கு அடிகிடி படலயே அக்கா?”

“இல்ல” என்றேன். போனை வைத்த பிறகும் என்னால் எழுந்திருக்க முடியவில்லை.