மஞ்சள் வயிற்றுத் தவளை

டிவி கேம் கேசட்டை உதட்டருகே பிடித்து ஊதினால் நாக்கில் ஒரு துருச் சுவை ஒட்டும். அதற்குப் பிறகுதான் டிவியில் படம் வரும். வராவிட்டால் மறுபடி ஊத வேண்டும்...

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவிலேயே செல்வின் வீட்டில் மட்டும்தான் டிவி கேம் இருந்தது. துபாயில் இருந்த அவன் மாமா கொண்டுவந்தது. ஞாயிறு காலை அவர்கள் சர்ச்சிலிருந்து திரும்புவதற்குள் நானும் சேகரும் கேட்டருகே போய் நின்றுவிடுவோம்.

என் அப்பாவிடம் எனக்கும் அப்படி ஒன்று வாங்கித் தரக் கேட்டுப் பார்த்தேன். "படிக்கிற பையனுக்கு இன்னாத்துக்கு அது?" என்றார். நன்றாகத்தான் படித்தேன். அதற்காக ஒரு பென்சில் டப்பாகூட வந்ததில்லை. அது வேறு கதை.

செல்வின் ஒரு சட்டம் வைத்திருந்தான். ஒரு உயிர் போனால் ரிமோட்டை அடுத்தவனிடம் கொடுத்துவிட வேண்டும். மறுபடி நம் முறை வருவதற்குள் கரண்ட் போய்விடும், இல்லையென்றால் அவன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார். அதனால் கையில் இருக்கும் ஒரே உயிரை முட்டை மாதிரி காப்பாற்றிக்கொண்டு ஆடுவோம்.

அந்த ஆட்டத்தில் உடைந்த பாலம் ஒன்று வரும். அதன் நடுவில் ஒரு தவளை. மஞ்சள் வயிறு, ஆள் உயரம், எப்போதும் பிளந்த வாய். எகிறித் தாண்டப் பார்த்தால் சவுக்கு மாதிரி நாக்கை வீசிப் பிடித்துவிடும். உயிர் போகும். தெருவில் ஒருவன்கூட அதைத் தாண்டியதில்லை.

"வாய் கிட்ட போனாலே காலிடா. தூரத்துலயே எகிறு" என்பான் செல்வின். அவன் வீட்டு ஆட்டம்... அவன் சொன்னதுதான் வேதம்.

அவன் தங்கை ஜெசிந்தா எங்களுக்கு ஒரு வகுப்பு கீழே. கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தபடி பார்த்துக்கொண்டே இருப்பாள். அவளுக்கு ஆட்டம் கிடையாது. "பொண்ணுங்களுக்கு இன்னாடா தெரியும்" என்று அதையும் செல்வின்தான் சட்டமாக்கியிருந்தான்.

முழுப் பரீட்சை முடிந்ததும் அவர்கள் ஓசூருக்கு வீடு மாற்றுவதாக இருந்தது. மாமா புது செட் அனுப்புகிறாராம். கடைசி ஞாயிறு செல்வின் அறிவித்தான்: "மச்சான், தவளையைத் தாண்டுறவனுக்கு இந்த கேம் பொட்டி. எடுத்துகினு போயிடலாம். ஆளுக்கு ஒரே உசுரு."

எங்கள் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் அதை எங்கே வைப்பது என்பதுவரை முடிவு செய்துவிட்டேன்.

செல்வின் முள்குழியில் விழுந்தான். சேகர் பாலத்தில் கால் வைத்ததுமே தவறிப் போனான். நான் தவளைவரை போனேன். அது கண் சிமிட்டும் நேரம் பார்த்து எகிறினேன்... காற்றிலேயே நாக்கு பிடித்துவிட்டது.

"போச்சுடா உன் பொட்டி!" என்று சேகர் தரையில் உருண்டு சிரித்தான்.

அப்போது ஜெசிந்தா மடியிலிருந்த தோலை உதறிவிட்டு எழுந்தாள். "எனக்கும் ஒரு உசுரு."

செல்வினுக்குச் சிரிப்பு. "குடுடா, ஊரை உட்டுப் போறப்போ ஆசையா கேக்குது."

பாலம்வரை வந்தாள். நிற்கவே இல்லை. நேரே நடந்தாள்.

"ஏய், எகிறு! எகிறுடி!" மூவரும் கத்தினோம்.

பிளந்த வாய்க்குள் போய்விட்டாள். தவளை வாயை மூடியது. சேகர் ரிமோட்டுக்குக் கையை நீட்டினான்.

தவளை மெதுவாகத் திரும்பியது. பாலத்தின் அந்தப் பக்கம் அவளைத் துப்பியது. உயிரோடு.

திரையில் நாங்கள் பார்த்தே இராத பனிமலை. கேட்டே இராத பாட்டு. சேகரின் கை நீட்டியபடியே நின்றது. எங்களை இத்தனை காலம் நடுங்க வைத்தது எதிரியே இல்லை... அதுதான் வழி.

"உனக்கு எப்டித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நீங்க கிரிக்கெட்டுக்குப் போனப்புறம் தனியா ஆடுவேண்ணா. செத்தா யாருக்கும் குடுக்க வேணாமே. ஒரு நாளு சும்மா உள்ள நடந்து பாத்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா பொட்டி உங்க ஊட்டுக்குல்ல போயிருக்கும்?"

சொல்லிவிட்டு ஸ்விட்சை அணைத்தாள். "மீதி ஓசூர்ல."

செல்வினைப் பார்த்தேன். பெண்களுக்கு ஆட்டமே இல்லை என்றவன், "ரூல்னா ரூல்தான் மச்சான்" என்றான். புது செட்டும் அவனுக்கு, பழையதும் அந்த வீட்டுக்கே. அவளைக்கூட விட்டுவிடலாம். அவனை இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

போன மாதம் என் மகன் அதே ஆட்டத்தை போனில் இறக்கித் தந்தான். எத்தனை முறை செத்தாலும் அங்கேயே எழுந்து நிற்கலாம். யாருக்கும் கைமாற்ற வேண்டியதில்லை. பனிமலை, அதற்கப்பால் ஒரு கடல், கடைசிக் கோட்டை... ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிட்டது.

"முடிச்சிட்டேன்டா" என்றேன். "சூப்பர்ப்பா" என்றான் மகன், அவன் போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

சேகர் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. செல்வினிடம் பேசுவதாக இல்லை. சொல்ல வேறு ஆளில்லாமல் உங்களிடம் சொல்கிறேன்... முடித்துவிட்டேன்.